இதர

புயல் ஓட்டைப் பிரித்துப்போட்ட மறுநாள்
பரண்மேல் இருந்த மூன்று டிரங்குப் பெட்டிகளில்
ஒன்றில் மட்டும் தண்ணீர்.
கோரையாற்றங்கரையில் இதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

வெயிலில் போடக் கூடாது.
ஒட்டிய தாளை உரிக்கக் கூடாது, தானாக விடும்வரை
பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.
துணியிலிருந்து இட்லி எடுக்கிற கைக்கு
இது கொஞ்சம் தெரியும்.
துருவேறிய குண்டூசிகள் முந்நூற்றுப் பதினொன்று.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினேன்.
கிஸ்தி ரசீது, மடைமுறைச் சீட்டு,
ரங்கூன் மணியார்டர் துண்டு,
ராமபாணப் பூச்சி தன் பங்கை எடுத்துக்கொண்ட பேரேடுகள்:
கூடம் முழுக்கப் பாயில் விரித்து
நடுவே நடக்க ஓரடி வரப்பு விட்டேன்.

ஓசூரிலிருந்து அண்ணன் கலியமூர்த்தி:
"எடைக்குப் போட்டா கிலோ பன்னிரண்டு.
அந்தப் பண்ணை நோட்டை மட்டும் அடுப்புல போடு.
மத்தது உன் இஷ்டம்."

போடவில்லை.
பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.
நான் எழுதிய பட்டியலில் அதன் பெயர்
பெட்டி 3, கட்டு 7, இதர.

ஒன்பதாம் நாள் கம்பம் நட்டார்கள்.
லைன்மேன் உள்ளே வந்து
"வந்துருச்சான்னு பாத்துருவோம்" என்று சுவிட்சைத் தட்டினார்.
நான் கத்துவதற்குள்
பசலி ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று
கூடமெங்கும் பறந்தது.

ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு அவரும் பிடித்தார்,
ஊஞ்சல் சங்கிலியில், சாமிப் படத்தின் பின்னால்,
நான்கு காலில் தவழ்ந்து பீரோவுக்கு அடியில்.
கடைசித் தாளை மட்டும் தரவில்லை.

"வடக்குத்தெரு சின்னாண்டி. நெல்லு நாலு கலம்.
வட்டிக்கு மகன்."

மீட்டர் எண்ணைப் படிக்கிற குரலில் படித்தார்.
இன்னொரு முறை படித்தார்.
"வட்டிக்கு மகன்னா?"

"அசலைக் கட்டும்வரை பையன் இங்க மாடு மேய்க்கணும்."

"கட்டினாங்களா?"

அடுத்த வருஷம் நாலேகால். அதற்கடுத்து ஐந்து.
அப்புறம் நோட்டு முடிந்துவிட்டது, கணக்கு முடியவில்லை.
சொன்னேன்.
பார்க்காமலே சொன்னதை அவர் கவனித்தார்.

பெயர் வீரபாலன்.
சின்னாண்டி மகன் ராசப்பன், அவருடைய தாத்தா.
போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
எடுக்கவில்லை.
"ஞாயித்துக்கிழமை அக்காவக் கூட்டிட்டு வர்றேன்.
எங்க வீட்டுல கணக்குப் பாக்குறது அவதான்."

இதர என்ற சொல்லை அன்றிரவு அழித்தேன்.
பென்சில்தான். தாள் இருக்கும் இடத்தில் பேனா வரக் கூடாது.
ரப்பர் தேய்த்த இடம்
பக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது.
தலைப்பு எதுவும் ஒட்டவில்லை.
கடன் என்று எழுதினால், யார் பட்டது?
கடைசியில் பெயர்களையே எழுதத் தொடங்கினேன்.
இருபத்து மூன்று ஆண்கள்.
பெண்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரும்
மேற்படியான் பெண்சாதி.
ஒன்பது கோடுகளைக் காலியாக விட்டேன்.

ஞாயிறு காலை இருவரும் வாசலில்.
அக்கா கையில் நோட்டு, கண்ணாடி, சீவிய பென்சில்.
கதவில் என் கையெழுத்தில் ஒரு அட்டை:
தாளைத் தொடும் முன் கையைக் கழுவவும்.

எல்லோருக்கும் உள்ள விதி அது,
போன மாதம் வந்த பேராசிரியருக்கும் அதேதான்.
ஆனால் இந்த வாசலில் இந்த வாக்கியம்
வேறு பொருளில் வெகுகாலம் குடியிருந்திருக்கிறது.
அவர்கள் படித்து முடிக்கும்வரை
எனக்கு அது உறைக்கவில்லை.

கிழித்தெறியவும் முடியாது.
விரலின் உப்பு மையைத் தின்னும்,
யார் விரல் என்று பார்க்காது.

வாளியும் சோப்பும் எடுத்து வந்து
வாசலிலேயே வைத்து
முதலில் நான் கழுவினேன், முழங்கைவரை.

அக்கா என் கைகளைப் பார்த்தபடியே
நின்றிருந்தாள்.
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
துண்டு எடுத்துவர மறந்துவிட்டேன்.